முதுகில் தைத்த மரம்

ஜிப்பக்காவிடம் ஒரு துணியை நீட்டி, "இது இனிமே ஆகாதாமே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் போச்சு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த மகராசன் சொன்னான் ஆகாதுன்னு?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்கப்புறம் அந்தத் துணி உருப்படியாகும் வரைக்கும் உங்களுக்கும் விடுதலை இல்லை, அவளுக்கும் சோறு தண்ணி இல்லை.

கடை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் பேச வேண்டும். "பார்த்தியா, என்கிட்ட எல்லாரும் எவ்வளவு பணிவா நடந்துக்கறாங்க" என்பாள். புதுத் துணி தைப்பதில்லை. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, கிழிசல் அடைப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். அதிலும் ஜிப்பில் அவள் கை அப்படியொரு கை. அதனால் வந்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பேரைக் கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசிப்பார்.

இரண்டு மிஷின். ஒன்று காலால் மிதிக்கிற பழைய மிஷின். சட்டை, பாவாடை, மெல்லிசு துணிக்கெல்லாம் அது. இன்னொன்று மோட்டார் போட்ட பெரிய மிஷின். ஜீன்ஸ், தோல் பை, கித்தான் எல்லாம் அதில். அதற்கு யானை என்று பேர் வைத்திருந்தாள். யானையில் தைத்துக் கொடுக்கும்போது மட்டும் ஒரு வாசகம் சொல்வாள்: "துணி போகும், தையல் போகாது." சும்மா சொன்னதில்லை. ஒருத்தர் தொடையெல்லாம் நைந்துபோன கால்சட்டையைக் கொண்டுவந்து, "இதுல நீங்க வெச்ச ஜிப் மட்டும் நல்லா இருக்கு, அதைப் பிரிச்சுப் புதுசுல வெச்சுக் குடுங்க" என்றார். அவள் தைத்ததை அவளாலேயே பிரிக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

துணி விஷயத்தில்தான் இந்த வாய். தனக்கென்று ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கடைக்காரர் காலி அட்டைப் பெட்டிகளையெல்லாம் அவள் வாசலில் அடுக்குவார். வருஷக் கணக்காக அடுக்குகிறார். அவளும் வருஷக் கணக்காக நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பெட்டியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போவாள்.

வீட்டில் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்கு இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். வீட்டுக்கு வந்தும் எடுக்க மாட்டார். மறந்துபோய் எடுக்கவில்லையா, மனசில்லாமல் எடுக்கவில்லையா என்பது ஜிப்பக்காவுக்கு வெகுநாள் சந்தேகம். ஒரே பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவர் பேசுகிறவரில்லை, இவளுக்குப் பேச ஆளில்லை. இப்படிப் போய்க்கொண்டிருந்த பொழப்பில்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தான். 

ஆள் பீரோ மாதிரி இருந்தான். மார்பு வரைக்கும் தாடி. குனிந்து உள்ளே வந்தபோது பொந்தில் வெளிச்சமே போய்விட்டது. குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். கையில் ஒரு கறுப்பு ஜீன்ஸ் கோட்டு, அதற்குக் கையே இல்லை.

"அட பாவமே, யார் தம்பி இப்படி வெட்டினது? அதே கலர்ல துணி இருக்கு. ரெண்டு கையும் வெச்சுத் தர்றேன், காசு கூட வேணாம்" என்றாள் ஜிப்பக்கா.

அவன் கோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "ஐயோ வேணாங்க்கா. கை இல்லாம இருக்கறதுதான் அழகு. இதையெல்லாம் மேல தச்சுக் குடுத்தாப் போதும்."

பையிலிருந்து துணி வில்லைகளை எடுத்துப் பரப்பினான். பேட்ச் என்றான். உள்ளங்கை அளவில் எல்லாமே கறுப்பு, எல்லாவற்றிலும் வெள்ளையில் கன்னாபின்னாவென்று கோடு. ஒன்று முள்ளுப் புதர் மாதிரி, ஒன்று செத்த சிலந்தி மாதிரி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

"இதென்ன தம்பி, கோழி கிண்டினதா?"

"பேருக்கா. பாட்டுக் குழுவோட பேரு. எழுத்துதான்."

"இது எழுத்தா?" அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். "எந்தப் பக்கம் மேல?"

"அதுக்குத்தான் ஊக்கு. ஊக்கு குத்தின பக்கம் மேல." அவன் கூச்சத்தோடு சொன்னான். எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று ஒரு வகைப் பாட்டாம். உறுமலும் இடியுமாக இருக்குமாம். வெளியாளுக்கு எழுத்தும் புரியாது, பாட்டும் புரியாதாம்.

"இந்தப் பாட்டைக் கேட்க ஆள் இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அவன் குனிந்த நிலையிலேயே அரைமணி நேரம் பேசினான். எல்லாருக்கும் ஒரு கதவு உண்டாம். முதலில் கேட்கிற ஆல்பம் சரியாக அமைந்தால் ஆள் உள்ளே வந்துவிடுவானாம். தப்பாக அமைந்தால் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டானாம். அவனோடு வேலை செய்கிற சூப்பர்வைசருக்கு அவசரப்பட்டு ஒரு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டான். அவர் மறுநாளே வேறு மாடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "ஆளைப் பார்த்துக் கதவைக் காட்டணும்க்கா. நாள் பூரா லிஃப்ட் கதவைத் திறந்துவிடற எனக்கு, இது மட்டும் இன்னும் கை வரலை" என்றான்.

ஜிப்பக்காவுக்கு அவன் பேச்சு பிடித்திருந்தது. பாட்டு எப்படியோ போகட்டும், தான் விரும்புகிற ஒன்றைப் பற்றி இப்படி முகமெல்லாம் பல்லாகப் பேசுகிற ஆளை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "சரி, எனக்கு எந்தக் கதவுன்னு பாரு" என்றாள். கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது, பென் டிரைவ் செருகினால் பாடும்.

முதலில் கொண்டுவந்தது இருப்பதிலேயே வேகமான ஆல்பம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடிவந்து, மிஷின் வெடித்துவிட்டதா என்று கேட்டார். ஜிப்பக்கா சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாடினாள். "தம்பி, தப்பா நினைக்காதே. மிக்ஸியில கூழாங்கல்லைப் போட்டு, மூடியைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு." அவன் முகம் தொங்கிப் போயிற்று.

அடுத்தது படுமெதுவான ஆல்பம். ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்த அடியை அடிப்பதற்குள் ஒரு பொத்தானுக்குக் காஜா எடுத்துவிடலாம். அதைப் போட்டுவிட்டு யானை மேலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். ஆனால் அந்தப் பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்தபோது ஒரு அதிசயம் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு காதிலிருந்தும் எடுத்தார். "அவசரமே படாம அடிக்கறான். நல்லா இருக்கே" என்றார். நாள் பூரா கீச்சுக் குரல்களுக்கு நடுவே வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு அந்த அடிவயிற்றுக் குரலும் ஆமை நடையும் தைலம் தடவின மாதிரி இருந்திருக்க வேண்டும். அவருடைய கதவு அது. பெண்டாட்டிக்குத் தேடப்போய்ப் புருஷனுக்குக் கிடைத்தது.

மூன்றாவதைக் கொடுக்க மெக்கானிக் ரொம்பத் தயங்கினான். "இது என்னோட கதவுக்கா. உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லாதீங்க, சும்மா திருப்பிக் குடுத்துடுங்க" என்றான். பாடுகிறவர்கள் எங்கோ குளிர்நாட்டுக்காரர்கள், குழுவின் பேர் வாயில் நுழையாது. சின்ன வயதில் அவனும் அவன் அண்ணனும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்ட ஆல்பம். அண்ணனுக்கு அதன் மேல் அப்படியொரு பித்து. அட்டையில் இருந்த சின்னத்தை பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக வரைந்துவிட்டான். அம்மா பின்னி எடுத்துவிட்டு, அந்த வாரமே வெள்ளை அடிக்கவும் வைத்துவிட்டாள். "அப்ப நான் ரொம்பச் சின்னப் பையன். அடி வாங்கினது அவன், அழுதது நான்" என்று சிரித்தான். அண்ணன் இப்போது கப்பலில் சமையல்காரர். ஊருக்கு வருவதே அபூர்வம்.

அன்றைக்குக் கால் மிஷினில் ஒரு திரைச்சீலையின் ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நீளத் தையல், யோசனையே வேண்டாம். பாட்டு ஓடியது. முதல் பாட்டின் பாதியில் அவளுக்குக் காலில் என்னமோ ஆயிற்று. அவள் மிதிக்கிற மிதியும் அங்கே விழுகிற அடியும் ஒன்றாகப் போனது. நிறுத்தினாள். அது நிற்கவில்லை. மறுபடி மிதித்தாள். வலது, இடது, வலது, இடது. அது வேகம் பிடித்தது, இவளும் பிடித்தாள். திரைச்சீலை முடிந்து, ஓரத்தில் கிடந்த துண்டுத் துணியும் முடிந்து, வெறும் தகட்டின் மேலேயே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்ததும் கேட்டாள். "தம்பி, இந்த டிரம்ஸ்காரர் காலாலயா மிதிக்கறாரு?"

"ஆமாக்கா. ரெண்டு காலுக்கும் ரெண்டு பெடல்."

"அதானே பார்த்தேன். என்ன மிதி மிதிக்கறாரு, பாவம். கெண்டைக்கால் கழண்டுடுமே. ராத்திரிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கச் சொல்லு."

அந்த பீரோ உடம்புக்காரன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர். "உள்ள வந்துட்டீங்கக்கா" என்றான்.

கால் முதலில் வந்தது, காது அப்புறம்தான் வந்தது. அந்த உறுமல் மட்டும் பிடிபடவேயில்லை. தொண்டையில் கோளாறோ என்று நினைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் மருந்துக் கடைக்காரர் ஆள் நுழைய முடியாத அளவுக்குப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, "ஓரமாப் போங்களேன், என்ன இப்போ" என்றார். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்து ஆல்பத்தைச் சத்தமாக வைத்தாள். உறுமல் வந்தது. பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து, யாருக்கும் பயப்படாமல். அவள் சார்பில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் இப்படி ஒரு குரலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். மறுநாள் காலையில் எல்லாப் பெட்டிகளையும் தூக்கி, அளவு பார்த்து, மருந்துக் கடை வாசலில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் வந்து பார்த்தார். இவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அதற்கப்புறம் பெட்டி வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குளிர்நாட்டுக் குழு இந்த ஊருக்கே வரப்போவதாகச் செய்தி வந்தது. மெக்கானிக் கால் தரையில் படாமல் ஓடிவந்தான். நெற்றி படியில் இடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவளுக்கும் புருஷனுக்கும் டிக்கெட். அதோடு, மெல்லிசுக் காகிதத்தில் சுற்றிய ஒரு பெரிய பேட்ச். முதுகு முழுக்க அடைக்கிற அளவு. அண்ணன் எந்தத் துறைமுகத்திலோ வாங்கி அனுப்பியது. நல்ல நாளுக்கென்று பல வருஷமாக மடித்தே வைத்திருக்கிறான்.

"அண்ணனும் வர்றாருக்கா. கப்பல் அன்னிக்குத்தான் கரைக்கு வருது, நேரா அரங்கத்துக்கு வந்துடுவாரு. அவர் போன் இங்க வேலை செய்யாது. 'எங்க நிப்பேன்னு கேட்காதே, இந்த பேட்ச்சை முதுகுல பார்த்து உன்னைக் கண்டுபிடிச்சுக்கறேன்'னு சொன்னாரு. மறுநாளே கப்பல் கிளம்பிடும். அந்த ஒரு சாயங்காலம்தான். பார்த்துத் தச்சுக் குடுங்கக்கா."

"என் பிள்ளைக்குத் தைக்கற மாதிரி தைக்கறேன், போ" என்றாள்.

அப்படித்தான் தைத்தாள். அதுதான் வினை. பல வருஷ மடிப்பு பேட்ச்சில் விழுந்திருந்தது. இஸ்திரி போட வேண்டும். மேல்பக்கம் தெரிய அவன் குத்தியிருந்த ஊக்கு இஸ்திரிக்கு இடைஞ்சல், கழற்றி வைத்தாள். கோட்டு தடிமன்; காலர் தன் பக்கம் வருகிற மாதிரி யானைக்குக் கீழே தள்ளினால்தான் நகரும். அப்புறம் பேட்ச்சை எடுத்துப் பார்த்தாள். கீழே தண்டு, மேலே பிரிந்து பிரிந்து போகிற கிளைகள். மரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிளை காலர் பக்கமாக வருகிற மாதிரி வைத்து, சூடு காட்டினால் ஒட்டிக்கொள்கிற பசைத்துணியைக் கீழே கொடுத்து, ஓரம் முழுக்க மூன்று ஓட்டு ஓட்டினாள். ஜென்மத்துக்கும் பிரியாது என்று தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

நிகழ்ச்சி அன்று மத்தியானம் மெக்கானிக் ஓட்டமும் நடையுமாக வந்தான். எங்கேயோ ஒரு லிஃப்ட் ஆட்களோடு நின்றுவிட்டதாம். ஜிப்பக்கா கோட்டை விரித்துப் பிடித்தாள், அவன் திரும்பி நின்று கையை நுழைத்தான், கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்தான். "என்னக்கா, புதுசா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினான். தன் முதுகைத் தான் பார்க்கிற வித்தை யாருக்கும் கிடையாது.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் போய் இறங்கினார்கள். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத்தான் அரங்கமாக்கியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட்டு, தாடி, பச்சை குத்திய கை. புருஷன் மடித்துத் தேய்த்த சட்டையில், பஞ்சுப் பொட்டலத்தோடு வந்திருந்தார். ஜிப்பக்கா சுற்றிலும் தையலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "இவன் கையாலயே தச்சிருக்கான் பாருங்க. பாவம், அவங்க அம்மாவுக்காவது தைக்கத் தெரிஞ்சிருக்கக் கூடாதா" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு ஒரு படுதா. அதில் அதே சின்னம். மேலே ஒரு கோடு, தரை. தரைக்குக் கீழே தடித்த தண்டு, அதிலிருந்து பிரிந்து பிரிந்து கீழே, இன்னும் கீழே இறங்குகிறது. மரமே இல்லை. வேர். சுற்றிலும் பார்த்தாள். முன்னால் நின்ற முதுகில் வேர் கீழே இறங்கியது. பக்கத்து முதுகிலும் இறங்கியது. பாதி முதுகுகளில் அதே பேட்ச், எல்லாவற்றிலும் வேர் ஒழுங்காக மண்ணுக்குள் போனது.

"என்னங்க" என்று புருஷன் கையைப் பிடித்தாள். "தலைகீழாத் தச்சுட்டேன்."

அவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். படுதாவைப் பார்த்தார். "பிரிச்சுடேன். கத்திரி வெச்சிருப்பியே."

"பிரிஞ்சாத்தானே. பழைய துணி, பசை வேற போட்டுத் தொலைச்சேன். கத்திரி வெச்சா பேட்ச்சே போயிடும்."

தூரத்தில் மெக்கானிக் கையை ஆட்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் திரும்பியபோது முதுகில் மரம் வானத்தைப் பார்த்து நின்றது. பின்னால் யாரோ இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜிப்பக்கா சட்டென்று போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். புருஷனும் வந்து பக்கத்தில் நின்றார். அவன் நகர்ந்தால் இவர்களும் நகர்ந்தார்கள். "என்னக்கா, தள்றாங்களா?" என்று அவன் கேட்டான். "ஆமா தம்பி, ஒரே கூட்டம்" என்றார் புருஷன். அந்த இடத்தில் கூட்டமே இல்லை.

இப்படி எவ்வளவு நேரம் திரைச்சீலை மாதிரி தொங்க முடியும்? அண்ணன் வந்து பார்த்து, அவர் எதிரே இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? ஜிப்பக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன். ஊக்கைக் கழட்டிட்டேன். மரம்னு நினைச்சுத் தலைகீழா வெச்சுத் தச்சுட்டேன்."

அவன் கோட்டைக் கழற்றிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். தையல் அசையவில்லை. "பரவாயில்லக்கா" என்று சொல்லி மறுபடி போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை. அவன் போய்ச் சுவரோரமாக, முதுகைச் சுவரில் ஒட்டினாற்போல் நின்றுகொண்டான். அத்தனை பெரிய உடம்பு, அந்தச் சுவரில் எவ்வளவு சின்னதாக ஆகிவிட்டது.

விளக்கு அணைந்தது. மேடையில் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டையே எடுத்தார்கள். பெடல் விழுந்தது. ஸ்பீக்கரில் கேட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை. தரை வழியாக உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, நெஞ்சுக்கூட்டில் போய் நின்றது. ஜிப்பக்காவின் கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. மிதித்துக்கொண்டே திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றான். கூட்டத்தில் எவனோ ஒரு அண்ணன் முதுகு முதுகாகத் தேடிக்கொண்டிருப்பான், இவன் முதுகைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

முதல் பாட்டு முடிவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போனாள். "வா இங்க" என்றாள்.

"வேணாங்க்கா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தச்சவ நான். சிரிக்கறவனை என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லு." மருந்துக் கடைக்காரரிடம் வராத குரல் வந்தது. கொஞ்சம் உறுமலாகவே வந்தது. "உங்கண்ணன் உன் முதுகைத்தான்டா தேடுவாரு. சுவத்தையா தேடுவாரு? ஒரே ஒரு சாயங்காலம்னு சொன்னது யாரு?"

பீரோவை நகர்த்துகிற மாதிரி இழுத்தாள். புருஷன் பின்னாலிருந்து தள்ளினார். கூட்டத்துக்கு நட்டநடுவில், மேடை வெளிச்சம் விழுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வேண்டுமென்றே இரண்டடி தள்ளி நின்றார்கள். இரண்டாவது பாட்டு ஓடியது. சிலர் பார்த்தார்கள், ஒருத்தன் விரலால் காட்டினான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஜிப்பக்கா விரலால் காட்டினவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குகிற நேரம். குட்டையாக, வழுக்கைத் தலையோடு, தோளில் பெரிய பையோடு ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் மெக்கானிக்கைப் பின்னாலிருந்து அப்படியே கட்டிக்கொண்டார். அவன் முதுகில், மரத்தின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"எத்தனை பேரைத் தொட்டுத் திருப்பிட்டேன் தெரியுமாடா? எல்லா முதுகும் ஒரே முதுகு. எல்லாத்துலயும் வேர் தொங்குது. ஒருத்தன் என்னை அடிக்கவே வந்துட்டான்."

"அண்ணா, இது வந்து..."

"அப்புறம்தான் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மரமா நிக்குது." அவர் குரல் உடைந்தது. "பீரோ பின்னாடி நானும் அட்டையைத் தலைகீழாப் பிடிச்சு மரமாத்தானடா வரைஞ்சேன். வேருன்னு அப்ப யாருக்குத் தெரியும்? நீ அப்போ பொடிப் பையன். அதை இத்தனை வருஷம் ஞாபகம் வெச்சிருந்து தச்சிருக்கியேடா."

மெக்கானிக் திரும்பி அண்ணனைப் பார்த்தான், ஜிப்பக்காவைப் பார்த்தான். தாடியெல்லாம் நனைந்திருந்தது. "நீ மரமா வரைஞ்சது எனக்கு ஞாபகமே இல்லண்ணா" என்றான். "இந்த அக்காதான் தச்சாங்க. அவங்களும் மரம்னு நினைச்சுட்டாங்க."

அண்ணன் ஜிப்பக்காவைப் பார்த்தார். "நிஜமாவா? நீங்களும் மரம்னுதான் நினைச்சீங்களா?"

"பின்ன? கண்ணு இருக்கறவங்க யார் பார்த்தாலும் மரம்னுதானே நினைப்பாங்க."

"அதைத்தாங்க அன்னிக்கு அடி வாங்கிக்கிட்டே எங்கம்மாகிட்ட சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தம்பியும் சிரித்தான். பீரோ குலுங்குகிற மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஜிப்பக்காவும் சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் பேட்ச்சின் ஓரத்தைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். "கழண்டு கிழண்டு வந்துடாதுங்களே?"

"துணி போகும், தையல் போகாது" என்றாள் ஜிப்பக்கா.

மேடையில் மறுபடி பெடல் விழுந்தது. புருஷன் ஒரு காதுப் பஞ்சை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "என்ன சொல்றாரு?"

"நல்லாத் தச்சிருக்கேனாம்" என்று அவர் காதில் சொல்லிவிட்டு, அவள் அந்த அடிக்குக் காலால் மிதிக்க ஆரம்பித்தாள்.